ரோஸ்-அன்னா யாருக்கு வாக்களித்திருப்பாள்?

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்பு நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "பெண்களுக்கு எதிரான கட்சிக்குப் பெண்களே ஏன் மேடம் ஓட்டுப் போடுறாங்க?" அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அறியாமை, மதம், குடும்பத்தின் அழுத்தம் என்று வழக்கமான காரணங்களை அடுக்கினேன். அந்த மாணவியின் அம்மாவைப் பற்றி நான் அப்படிப் பேசியிருப்பேனா என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான இரண்டாவது முயற்சி. இதற்கு நான் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்கும், அங்கே எழுந்து வீழ்ந்த ஒரு பழமைவாதக் கட்சிக்கும், அதே காலத்தில் அங்கே பெண்கள் எழுதிய மூன்று புனைகதைகளுக்கும் போக வேண்டியிருக்கிறது.

1940ஆம் ஆண்டின் வசந்தம். மான்ட்ரியல் நகரின் சேன்-ஆன்றி என்னும் தொழிலாளர் பகுதியில் ஒரு பெண் வாடகை வீடு தேடி அலைகிறாள். பெயர் ரோஸ்-அன்னா லகாஸ். வீடு நிறையப் பிள்ளைகள் இருக்க, வயிற்றில் இன்னொன்று. மே மாதம் பிறந்தால் இருக்கிற வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் அவளுக்கு இதுதான் வேலை. குடும்பம் பெருகப் பெருக, வீடு சிறுத்துக்கொண்டே போகிறது. கப்ரியேல் ருவா பிரெஞ்சு மொழியில் எழுதி 1945இல் வெளிவந்த நாவலின் காட்சி இது. அதன் மூலத் தலைப்பைத் தமிழில் 'செகண்ட் ஹேண்ட் மகிழ்ச்சி' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'தகரப் புல்லாங்குழல்' என்று பொருள்படும் தலைப்போடு வந்தது. நான் படித்ததும் அந்த ஆங்கில வழியில்தான்.

ரோஸ்-அன்னா வீடு தேடிய அதே வசந்தத்தில், ஏப்ரல் 25 அன்று, கியூபெக் பெண்களுக்கு மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. மானிட்டோபா மாகாணம் 1916இலேயே கொடுத்துவிட்டது. கூட்டாட்சித் தேர்தல்களில் 1918 முதலே பெண்கள் வாக்களித்தார்கள். கியூபெக்தான் கடைசி. (பூர்வகுடிப் பெண்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு இது. கியூபெக்கில் அவர்கள் 1969 வரை காத்திருந்தார்கள்.) தெரேஸ் காஸ்கிரேன், இடோலா சேன்-ழான் போன்றவர்கள் ஆண்டுதோறும் சட்டமன்றப் படியேறிக் கேட்டு, ஆண்டுதோறும் வெறுங்கையோடு திரும்பிய உரிமை. ஆனால் ரோஸ்-அன்னாவின் வீட்டுக்குள் அந்தச் செய்தி நுழைவதே இல்லை. முதல் வாசிப்பில் இதை நாவலின் குறை என்றே நினைத்தேன். இப்போது அதுதான் நாவல் சொல்லும் மிகத் துல்லியமான அரசியல் தகவல் என்று தோன்றுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1944 ஆகஸ்ட் 8 அன்று, பெண்கள் முதன்முறையாக மாகாணப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். வாக்குரிமை கொடுத்த அடலார் கொட்பூவின் லிபரல் அரசு தோற்றது. மொரீஸ் டுப்லெஸியின் யூனியன் நேஷனல் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தது. 1936 முதல் 1939 வரை நடந்த தனது முதல் ஆட்சியில் அந்த உரிமையைக் கொடுக்காமலே காலம் கடத்திய கட்சி அது. ரோஸ்-அன்னா உயிருள்ள பெண்ணாக இருந்து, அன்று வாக்குச்சாவடிக்குப் போயிருந்தால் யாருக்கு வாக்களித்திருப்பாள்?

நாவலில் வரும் பெண்ணிடம் இப்படிக் கேட்கலாமா என்று இலக்கணம் பேசுபவர்கள் கேட்கக்கூடும். கேட்கலாம் என்றே நினைக்கிறேன். தேர்தல் முடிவு, எத்தனை பேர் என்பதைச் சொல்லும். அந்த வாக்குச் சீட்டை மடித்த கையில் என்ன வெடிப்பு இருந்தது என்பதை நாவல்தான் சொல்லும்.

கட்சியின் எழுச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரப் பெருமந்தம் கியூபெக்கைக் கசக்கிப் பிழிந்த 1935இல், மாகாணத்தின் பழைய கன்சர்வேடிவ் கட்சியும், லிபரல் கட்சியிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்களும் சேர்ந்து உருவாக்கிய கூட்டணி, யூனியன் நேஷனல். பல பத்தாண்டுகளாக அசையாமல் இருந்த லிபரல் ஆட்சியின் ஊழலை அம்பலப்படுத்தி 1936இல் வென்றது. வென்ற கையோடு சீர்திருத்தக்காரர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். கட்சி டுப்லெஸி என்ற ஒற்றை மனிதரானது. அதே ஆண்டு சட்டமன்றத்தில் அவைத்தலைவரின் இருக்கைக்கு மேலே சிலுவை மாட்டப்பட்டது. மறு ஆண்டு, கம்யூனிசம் பரப்பப்படுவதாகக் கருதும் எந்தக் கட்டடத்துக்கும் பூட்டுப் போட அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. அந்தப் பதவியையும் டுப்லெஸியே வைத்திருந்தார். கனடாவின் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல 1957 ஆனது.

அடக்குமுறை மட்டும் ஒரு கட்சியை மொத்தம் 18 ஆண்டுகள் ஆட்சியில் வைத்திருக்காது. விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். சாலை, பாலம், பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்சிக்கு வாக்களித்த தொகுதியில் சாலை சீக்கிரம் வந்தது. 1948இல் மாகாணத்துக்குத் தனிக்கொடி ஏற்றினார்கள். ஆங்கில முதலாளிகளிடம் கூலி வேலை பார்த்த ஒரு மக்களிடம், உன் மொழியும் உன் மதமும் உன் நிலமும் காப்பாற்றப்படும் என்று சொன்னார்கள். சொர்க்கம் நீலம், நரகம் சிவப்பு என்று பழைய தேர்தல் வசனம் ஒன்று அங்கே உண்டு. நீலம் பழமைவாதிகளின் நிறம், சிவப்பு லிபரல்களின் நிறம். தேவாலயத்தில் எந்த நிறம் பேசியது என்று சொல்லவேண்டியதில்லை.

காப்பாற்றப்பட வேண்டிய மொழி, மதம், நிலம் மூன்றும் எங்கே இருந்தன? பெண்ணின் உடலில். பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் ஆங்கிலக் கடலில் மூழ்காமல் இருக்கக் காரணம் அவர்களின் பிள்ளைப்பேறுதான் என்று நம்பப்பட்டது. அதற்குத் 'தொட்டில்களின் பழிவாங்கல்' என்று ஒரு பெயரே இருந்தது. பழி வாங்குபவர்கள் ஆண்கள். தொட்டிலை ஆட்டுபவள் பெயரில்லாதவள். பிரசங்க மேடையிலும் தேர்தல் மேடையிலும் அவளுக்குக் கிடைத்தது 'அன்னை' என்ற பட்டம்.

சட்டத்தில் அந்த அன்னையின் இடம் என்ன? கியூபெக்கின் சிவில் சட்டப்படி திருமணமான பெண்ணுக்குச் சட்டத் தகுதி கிடையாது. கணவனின் அனுமதியின்றி ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. டுப்லெஸியின் முதல் அரசு 1937இல் ஆதரவற்ற தாய்மார்களுக்கு உதவித்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் திருமணமாகாத தாய்க்கும் மணவிலக்குப் பெற்றவளுக்கும் அதில் இடமில்லை. நல்ல தாய் என்று மதகுருவிடமிருந்து சான்றும் வேண்டும். தாய்மையைக் கும்பிட்ட அரசு, எந்தத் தாய் கும்பிடத் தக்கவள் என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் கூடவே வைத்துக்கொண்டது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் குடும்ப நிர்வாகம் கற்பிக்கும் பள்ளிகள். அல்பேர் தெஸியே என்ற குருவானவர் முன்னின்று பரப்பிய இந்தப் பள்ளிகளுக்கு 'மகிழ்ச்சிப் பள்ளிகள்' என்று பெயர். சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, கணவனுக்கு இனிய துணையாக இருக்கும் கலை. இவை தழைத்த அதே பத்தாண்டில் ருவா தன் நாவலுக்கு 'செகண்ட் ஹேண்ட் மகிழ்ச்சி' என்று தலைப்பு வைத்தார். பள்ளிகளை மனதில் வைத்தே அவர் இந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற உரிமை வாசகிக்கு உண்டு.

ரோஸ்-அன்னா தையல் தெரிந்தவள், கிழிந்ததைத் திருப்பித் தைத்துப் பிள்ளைகளுக்குப் போடுபவள். அந்தப் பள்ளிகள் கற்றுத்தர விரும்பிய எல்லாம் அவளுக்கு வரும். ஆனாலும் அவள் மகன் தானியேல் ரத்தப் புற்றுநோயில் சாகிறான். சுத்தமான படுக்கையும் கைநிறைய விளையாட்டுப் பொருட்களும் அவனுக்கு மருத்துவமனையில்தான் கிடைக்கின்றன. அவன் ஒட்டிக்கொள்வது ஜென்னி என்ற ஆங்கிலம் பேசும் செவிலியிடம். தாய்க்கு அவளோடு பேச மொழியில்லை. தாய்மொழியைக் காப்போம் என்று மேடைகள் முழங்கிய நாட்டில், தன் மகன் ஏன் சாகிறான் என்று கேட்கத் தாய்க்கு மொழி இல்லை என்பதை ருவா கூச்சலில்லாமல் எழுதிவிட்டுப் போகிறார்.

கிராமத்தைப் பற்றியும் அவர் பொய் சொல்லவில்லை. கட்சி கொண்டாடிய கியூபெக், நிலமும் தேவாலயமும் நிறைந்த குடும்பமும் கொண்ட கிராமம். மேப்பிள் மரத்தில் பால் வடிக்கும் பருவத்தில் ரோஸ்-அன்னா பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குப் போகிறாள். வழியெல்லாம் ஏங்கிக்கொண்டே போகிறாள். அங்கே அவள் அம்மா மாமிசமும் தின்பண்டமும் கட்டிக் கொடுக்கிறாள், அன்பான ஒரு சொல்லைத் தவிர. துன்பத்தைச் சகிப்பதே கடமை என்று வாழ்ந்து இறுகிப்போன முகம். நகரத்துக் குடிசைக்கு மாற்றாகக் கட்சி காட்டிய சொர்க்கத்தின் உள்ளே ஒரு மகள் அரை நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறாள்.

நாவலின் முடிவில் கணவன் அஸாரியுஸ் ராணுவத்தில் சேர்கிறான். இனி மாதாமாதம் உனக்குப் படிப்பணம் வரும் என்கிறான். ஒரு தாய்க்கு அரசு பணம் தர, வீட்டு ஆண் போருக்குப் போகவேண்டியிருந்தது. இதற்கு நாவலுக்கு வெளியே ஒரு தொடர்ச்சி உண்டு. 1945இல் கூட்டாட்சி அரசு குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகையைத் தொடங்கியபோது, மற்ற மாகாணங்களில் காசோலை தாயின் பெயருக்குப் போக, கியூபெக்கில் மட்டும் தந்தையின் பெயருக்கு அனுப்புவதாக இருந்தார்கள். தெரேஸ் காஸ்கிரேன் போராடி அதைத் தாயின் பெயருக்கு மாற்றவைத்தார். அந்தக் காசோலையில் தன் பெயரை முதன்முறையாக அச்செழுத்தில் பார்த்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

கட்சியின் 'குடும்பம்' வேலைக்குப் போன பெண்களை எப்படி நடத்தியது என்பதையும் சொல்லவேண்டும். லோர் கொத்ரோ என்ற ஆசிரியை 1936இல் கிராமப்புற ஆசிரியைகளுக்குச் சங்கம் தொடங்கினார். 1946இல் டுப்லெஸி அரசு அந்த ஆசிரியைகளின் நடுவர் தீர்ப்பு கோரும் உரிமையைப் பறித்தது. பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டிய மதலேன் பரான், லஷூட் வேலைநிறுத்தத்துக்காக ராஜதுரோகச் சதி வழக்கில் 1948இல் தண்டிக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்தே விடுவிக்கப்பட்டார். அன்னையைப் போற்றிய ஆட்சி, சம்பளம் கேட்டவளுக்கு வேறொரு முகத்தைக் காட்டியது. அதே 1948இல் கலைஞர்கள் 16 பேர் 'முழு மறுப்பு' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் 7 பேர் பெண்கள். அறிக்கையை எழுதிய ஓவியர் போர்துவா அரசுக் கலைப்பள்ளி வேலையை இழந்தார்.

ஆன் ஏபெரின் 'வெள்ளப்பெருக்கு' என்ற கதை இந்தச் சூழலில் வருகிறது. பதிப்பாளர்கள் ஏற்காததால் 1950இல் அவர் சொந்தச் செலவில் தொகுப்பை வெளியிட்டார். குளோதீன் என்ற தாய், ஊரை விட்டுத் தள்ளி ஒரு பண்ணையில் மகனைத் தனியே வளர்க்கிறாள். அவனைப் பாதிரியாராக்குவதே அவள் லட்சியம். அவன் மறுத்தபோது சாவிக்கொத்தால் தலையில் அடிக்கிறாள். அவனுக்குக் காது கேட்காமல் போகிறது. இதை ஒரு கொடூரத் தாயின் கதையாகப் படிப்பது எளிது. குளோதீன் திருமணமாகாமல் தாயானவள் என்பதை மறந்துவிட்டால்தான் அப்படிப் படிக்க முடியும். நல்ல தாய் என்ற சான்று கிடைக்காதவள், தன் மகனைக் கொண்டு அந்தச் சான்றை வாங்கப் பார்க்கிறாள். சட்டம் வெளியிலிருந்து செய்ததை அவள் வீட்டுக்குள் செய்கிறாள்.

குளோதீனைப் போல ஒளிந்துகொள்ள முடியாதவர்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஆயிரக்கணக்கில் மத நிறுவனங்களின் விடுதிகளுக்குப் போனார்கள். அங்கே பலர் மனநோயாளிகள் என்று பதிவு செய்யப்பட்டார்கள். அனாதைப் பிள்ளையைவிட நோயாளிக்கு அதிக மானியம் வந்தது. 1954இல் மோன்-ப்ரோவிதான்ஸ் என்ற விடுதி ஒரேயடியாக மனநல மருத்துவமனை ஆக்கப்பட்டது. 'டுப்லெஸியின் அனாதைகள்' என்றே பின்னாளில் அவர்களுக்குப் பெயர் வந்தது. பிள்ளைப்பேற்றைத் தேசத்தின் ஆயுதமாகப் பேசிய ஆட்சி, தவறான வழியில் பிறந்தவை என்று முத்திரை குத்திய பிள்ளைகளைச் செய்தது இது. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோரின் பெயர்கூட வரலாற்றில் இல்லை.

டுப்லெஸி 1959 செப்டம்பரில் வடக்கே இரும்புச் சுரங்க ஊரொன்றில் இறந்தார். அடுத்து வந்த போல் சோவே சில மாதங்களில் இறந்தார். 1960 ஜூனில் லிபரல் கட்சி வென்றது. 'அமைதிப் புரட்சி' தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். 1961இல் முதன்முறையாக ஒரு பெண், கிளேர் கிர்க்லண்ட்-காஸ்கிரேன், சட்டமன்ற உறுப்பினரானார். சட்டம் இயற்றப் போனவருக்குத் தலைநகரில் வாடகைக்கு வீடு எடுக்கக் கணவனின் கையெழுத்துத் தேவைப்பட்டது. ரோஸ்-அன்னாவுக்கு வீடு கிடைக்காதது வறுமையால். இவருக்கோ வறுமை இல்லை, சட்டம் மட்டும் போதுமானதாக இருந்தது. திருமணமான பெண்ணுக்குச் சட்டத் தகுதி தரும் 16ஆம் மசோதாவை அவரே கொண்டுவந்தார். 1964 ஜூலை 1 முதல் அது சட்டம்.

மறு ஆண்டு, 1965இல், மரி-கிளேர் பிளேயின் 'எம்மானுவேலின் வாழ்வில் ஒரு பருவம்' வந்தது. எம்மானுவேல் பதினாறாவது பிள்ளை. அவன் தாய்க்கு நாவலில் பெயரே கிடையாது. வயலிலும் தொழுவத்திலும் வேலை பார்த்துக் களைத்து, எப்போதும் அறையின் ஓரத்தில் இருக்கிறாள். கவிதை எழுதும் அண்ணன் காசநோயில் சாகிறான். அக்கா எலோயீஸ் மடத்திலிருந்து விபசார விடுதிக்குப் போகிறாள். இரண்டுக்கும் இடையே அவளுக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கட்சியின் சுவரொட்டியில் இருந்த நிறைந்த குடும்பத்தை எடுத்து, அப்படியே திருப்பி, பின்பக்கத்தைக் காட்டியிருக்கிறார் பிளே. இந்த நாவலைப் படித்துச் சிரித்தவர்களின் சிரிப்பில் ஒரு விடுதலை இருந்தது. ஆனால் அந்தப் பெயரில்லாத தாய் சிரிக்கவில்லை. கேலி செய்யப்படும் உலகத்தின் அடிமட்டத்தில் கிடந்தவள் அவள் என்பதைப் பிளே மறக்கவில்லை. பல விமர்சகர்கள் மறந்தார்கள்.

பிறகு நடந்ததை வரலாற்றாசிரியர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். 1966இல் டானியல் ஜான்சன் தலைமையில் கட்சி மீண்டும் வென்றது. லிபரல்களுக்கு 47 சதவீதம், இவர்களுக்கு 41 சதவீதம். ஆனாலும் கிராமத் தொகுதிகளின் பலத்தால் 108இல் 56 இடங்கள். ஜான்சன் 1968இல் இறந்தார். 1970இல் 17 இடங்கள், 1973இல் ஒன்றுமில்லை, 1976இல் 11, 1981இல் மறுபடி ஒன்றுமில்லை. 1989இல் கட்சியே பதிவிலிருந்து நீங்கியது. தேசியவாதத்தைப் பார்ட்டி கியூபெக்வா எடுத்துக்கொண்டது, கிராமத்து அதிருப்தியைக் கிரெடிட்டிஸ்டுகள் எடுத்துக்கொண்டார்கள், நகரமும் தொலைக்காட்சியும் மற்றதை எடுத்துக்கொண்டன என்று சொல்வார்கள். எல்லாம் சரி. இந்த விளக்கங்களில் எனக்கு ஒரு வரி குறைகிறது. 1950களின் இறுதியில் கியூபெக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். 1970 வாக்கில் இரண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், எந்தத் தலைவரும் அறிவிக்காமல், எந்த மாநாடும் கூடாமல், பெண்கள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினார்கள். கட்சி யாரை முன்வைத்துப் பேசியதோ அந்தக் குடும்பம் வீடுகளில் இல்லாமல் போனது. ஒரு கட்சியின் வீழ்ச்சிக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1966இன் வெற்றி அப்படிச் சொல்ல விடாது. ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு திரும்பி எழ முடியாமல் போனதற்கு இதைச் சொல்லாத விளக்கம் அரைகுறை.

டுப்லெஸியின் காலத்தை 'பெரும் இருட்டு' என்று அழைப்பது அங்கே வழக்கம். அவ்வளவு இருட்டில்லை, சாலையும் மின்சாரமும் வந்ததே என்று மறுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பேசுவது மேடையைப் பற்றி. இருட்டு என்று சொல்பவர்கள், அந்த இருட்டில் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நடத்திய பல்லாயிரம் கன்னியாஸ்திரீகளை, பாவாடை நுனியாக மட்டும் பார்க்கிறார்கள். நிர்வாகம் தெரிந்த அந்தப் பெண்களின் இடத்தில், அரசு பொறுப்பேற்ற பிறகு, பெரும்பாலும் கோட்டுப் போட்ட ஆண்களே உட்கார்ந்தார்கள். விடியலிலும் பெண்களுக்கு நஷ்டக் கணக்கு உண்டு.

சரி, ரோஸ்-அன்னா? அவள் டுப்லெஸிக்கு வாக்களித்திருக்கக் கூடும் என்றே நினைக்கிறேன். போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடத்திய ஒட்டாவா லிபரல்களின் நிறம்தான் கொட்பூவின் நிறமும். அவள் வீட்டிலிருந்து மகனும் கணவனும் பிழைப்புக்காகவே ராணுவத்துக்குப் போனவர்கள். இனி யாரையும் கொடுக்க மாட்டேன் என்று ஒரு தாய் நினைத்தால் அதற்கு அறியாமை என்று பெயரிடும் தகுதி எனக்கில்லை. அவளுடைய உழைப்புக்குப் பெயராவது வைத்த கட்சி அது; பெயருக்கு மேல் எதுவும் தரவில்லை என்பது வேறு. வாக்குரிமை தந்தவர்கள் அவளுடைய வாடகையைப் பற்றிப் பேசவில்லை.

என் மாணவியிடம் இப்போது இப்படிச் சொல்வேன். அவள் ஏன் அவர்களுக்கு வாக்களித்தாள் என்று கேட்பதற்கு முன், அந்த வசந்தத்தில் அவள் வீடு தேடி அலைந்தபோது மற்றவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று கேள். கேட்டுவிட்டு நாவலின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படி. உன் அம்மாவிடமும் ஒரு முறை கேட்டுப் பார், குற்றம் சாட்டாமல்.